பகலில் எங்கே உட்காருவது

786

கடித இல. 1
1981 ஏப்ரல் 9, வியாழக்கிழமை, மு.ப. 7.40
நூஹுவின் வயல்வாடி, இறக்காமம்

சுல்பிகாவின் உம்மா அறிவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

கடந்த திங்கட்கிழமை, 6ஆம் திகதி, மு.ப. 11.25க்கு இங்கு வந்து சேர்ந்தேன். பஸ் சம்மாந்துறையில் நாற்பது நிமிடம் நின்றது. சாரதி அதற்குக் காரணம் எதுவும் சொல்லவில்லை. தம்பி நூஹு தன் மனைவி வீட்டில் தங்கும்படி வற்புறுத்தினான். நான் இணங்காமல், குளக்கட்டுக்குக் கீழே அவன் வயலில் உள்ள வாடியில் இருக்கிறேன். ஓலைக் கூரை, ஒரு பாய், ஒரு கூசா தண்ணீர். சாப்பாட்டை நூஹு இரண்டு வேளையும் கொண்டுவருகிறான்.

உன்னிடம் சொல்லாமல் புறப்பட்டது பிழை. நீ சுபஹுத் தொழுகையில் இருந்தாய். மேசையில் வைத்த துண்டில், வீட்டில் கவனிக்க வேண்டியவற்றை ஒன்பது இலக்கமிட்டு எழுதியிருந்தேன். போகும் காரணம் அதில் விடுபட்டுப் போயிற்று. அதை இப்போது திகதி வாரியாக எழுதுகிறேன்.

1978 நவம்பர் 23, வியாழக்கிழமை, சூறாவளி. அதன்பின் பதினான்கு மாதம் வாய்க்கால்களில் விழுந்த தென்னைகளை அகற்றுவித்தேன், விதைநெல் பங்கிட்டேன், உடைந்த மதகுகளுக்காகக் கச்சேரிக்கு, அரசாங்க அலுவலகத்துக்கு, அலைந்தேன். அந்தப் பதினான்கு மாதமும் எனக்குக் களைப்பே வரவில்லை. நோயின் தொடக்கம் அதுதான் என்று இப்போது நினைக்கிறேன். 1980 பெப்ரவரியில் எல்லாம் வழமைக்குத் திரும்பிற்று. அப்போதுதான் களைப்பு வந்தது, வந்தது போகவில்லை. உறங்கி எழுந்தாலும் உறங்காதவன் போலிருந்தேன். 1980 ஓகஸ்ட் 19, செவ்வாய்க்கிழமை, நம் கண்டத்து வயல்காரர் சின்னப்போடியார் "தண்ணி நாளைக்குத்தானே?" என்று மரியாதையாகக் கேட்டதற்கு, அவருடைய குடையைப் பிடுங்கி வாய்க்காலில் எறிந்தேன். இதை உனக்கு நான் சொன்னதில்லை. அவரும் யாருக்கும் சொல்லவில்லை.

1981 மார்ச் 26, வியாழக்கிழமை, சிறுபோக வேளாண்மைக் கூட்டம். இருபத்து நான்கு ஆண்டுகளாக நற்பிட்டிமுனை வயற்கண்டத்தின் வட்டவிதானையாக, யாருடைய வயலுக்கு எந்த நாள் எத்தனை மணிக்குத் தண்ணீர் என்று முறை வைத்தவன் நான். பெயர்ப் பட்டியலை வாசிக்க எழுந்தேன். ஆறாவது பெயரில் நின்றுவிட்டேன். எழுத்துகள் தெரிந்தன, அவை யார் என்று தெரியவில்லை. அந்தப் பெயருக்குரியவர் எனக்கு முன்னால் கைகட்டி நின்றார். நான் சீமெந்துத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அதன்பின் பதினொரு நாள் வீட்டில் சுவரைப் பார்த்துக் கிடந்ததை நீ அறிவாய். அப்போதிக்கரி ஐயா இரத்தமும் சலமும் சோதித்து, ஒரு குறையுமில்லை, மூன்று மாதம் ஓய்வெடுங்கள் என்றார்.

ஆகவே ஓய்வெடுக்க வந்திருக்கிறேன். அதை ஒழுங்காகச் செய்யும் பொருட்டு ஓர் அட்டவணை தயாரித்துள்ளேன். மு.ப. 7 முதல் 9 வரை படுத்திருத்தல், 9 முதல் 9.45 வரை குளக்கட்டில் நடத்தல், இவ்வாறு. மூன்று மாதத்தில் சுகமாகி வருவேன்.

மூக்குக் கண்ணாடிக் கூட்டையும், அலுமாரியின் இடப்பக்கத் தட்டில் உள்ள தண்ணீர் முறைக் கொப்பியையும் அனுப்பவும்.

வஸ்ஸலாம்.
மு. அபூசாலி

இணைப்பு:
1. ஓய்வு நேர அட்டவணை, பிரதி ஒன்று.
2. பதிலுக்கு முத்திரை இரண்டு.


(திகதி இடப்படவில்லை. கைக்குக் கிடைத்தது 1981 ஏப்ரல் 20, திங்கட்கிழமை, பி.ப. 2.10. – மு.அ.)

சுல்பிகாட வாப்பாவுக்கு, சலாம்.

எனக்கு உங்களைப் போல எழுத வராது. கதைக்கிற மாதிரித்தான் எழுதுவன்.

தொழுது சலாம் குடுத்துட்டுத் திரும்பிப் பாத்தா பாய் சுருட்டிக் கிடக்கு, கதவு சாத்தியிரிக்கி. வாசல் கடப்படியில நிண்டு ரெண்டு பக்கமும் பாத்தன். றோட்டில ஒரு ஆளுமில்ல. மறுகா மேசையில துண்டைக் கண்டன். ஒன்பது இலக்கம். அரிசி எங்க, மண்ணெண்ணெய் எவ்வளவு, கூரையில எந்த ஓடு வெடிச்சிரிக்கி எண்டெல்லாம் இரிக்கி. நான் என்ன செய்யணும் எண்டுதான் இல்ல. நீங்க போனது எனக்குக் கோபமில்ல. அந்தத் துண்டுதான் கோபம்.

கண்ணாடிக் கூட்டை அனுப்புறன். கொப்பியை அனுப்ப மாட்டன். மருமகன் ஜவுபர் கேட்டாரு, அவருக்கிட்டக் குடுத்துட்டன். நீங்க வரும் மட்டும் தண்ணி முறையை அவர் பாக்கட்டும் எண்டு ஊராக்கள் சொல்லிப்போட்டாங்க. ஆனா மதகுப் பூட்டுத் திறப்பைக் காணல்ல எண்டு தேடுறாரு. சுல்பிகாட வீட்டையும் என்ட வீட்டையும் கவிட்டுப் போட்டுத் தேடியாச்சு. எங்க வெச்ச?

அந்தப் பதினொரு நாளும் நான் உங்களுக்குப் பக்கத்திலதான் இருந்தன். நீங்க சுவரைப் பாத்தீங்க. நான் உங்கட முதுகைப் பாத்தன். உங்களுக்குத் தெரியுமோ என்னமோ.

பழக்கத்தில சோறு போட ரெண்டு பீங்கான் எடுக்கன். ஒண்டைத் திரும்ப வெக்கன்.

சபியா உம்மா


கடித இல. 2
1981 மே 4, திங்கட்கிழமை, மு.ப. 6.15
இறக்காமம்

சுல்பிகாவின் உம்மா அறிவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் கடிதத்தில் திகதி இல்லை. கடிதம் எழுதுபவர் திகதியிடாவிட்டால் எது முன்னது எது பின்னது என்று தெரியாமல் போகும். இனி இடவும்.

ஓய்வு பற்றிய அறிக்கை. முதல் பத்து நாள் அட்டவணையில் ஒரு பிசகும் வரவில்லை. படுக்கும் நேரத்தில் படுத்தேன். உறக்கம் வரவில்லையெனினும், குறித்த நேரம் முடியும்வரை எழும்பவில்லை. நடக்கும் நேரத்தில் நடந்தேன். ஒன்பது மணி ஐந்து நிமிடத்துக்குப் புறப்பட்ட நாள் ஒன்றே ஒன்றுதான்.

ஏப்ரல் 22, புதன்கிழமை, பக்கத்து வயல்காரர் இருவர் வாடிக்கு முன்னால் சண்டையிட்டனர். யானை விரட்டக் காவல் இருக்கும் முறை யாருடையது என்பதே பிரச்சினை. இங்கே அதற்கு ஓர் ஒழுங்கும் இல்லை. எவனுக்குத் தோன்றுகிறதோ அவன் இருக்கிறான். நான் ஒரு சிறிய பட்டியல் மட்டும் எழுதிக் கொடுத்தேன். மறுநாள் குளத்துக்கு மேற்கே உள்ளவர்களும் வந்து கேட்டார்கள். இப்போது பட்டியலில் பத்தொன்பது பேர் உள்ளனர். ஒருவர் ஒரு விசில் கொண்டுவந்து தந்தார். முறை மாறும் நேரத்தில் அதை ஊதுகிறேன். இது வேலையல்ல, ஓய்வின் இடைவெளிகளில் செய்வது. அட்டவணையை அதற்கேற்பத் திருத்தியுள்ளேன். என்னை எல்லாரும் அண்ணன் முறை வைத்து "விதானைக் காக்கா" என்று அழைக்கிறார்கள்.

இரவில் உறக்கம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். வலது கண் இமை துடிக்கிறது. மற்றப்படி சுகம்.

ஜவுபர் மேற்கு வாய்க்காலை முதலில் திறக்கக்கூடாது. கடைமடையில் உள்ளவர்களுக்கே முதல் நீர். இது 1957 முதல் உள்ள வழக்கம். இதுபற்றி ஏழு குறிப்புகள் இணைத்துள்ளேன். அவரிடம் கொடுத்துக் கையொப்பம் வாங்கி அனுப்பவும்.

வஸ்ஸலாம்.
மு. அபூசாலி

இணைப்பு:
1. ஜவுபருக்கான குறிப்புகள், ஏழு.
2. திருத்திய அட்டவணை.
3. திகதி எழுதும் முறைக்கு மாதிரித் துண்டு.


(திகதி இடப்படவில்லை. கிடைத்தது 1981 மே 15, வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பின். – மு.அ.)

சுல்பிகாட வாப்பாவுக்கு, சலாம்.

உங்கட மாதிரித் துண்டு கிடைச்சிது. அடுப்பு மூட்ட உதவிச்சுது.

ஓய்வெடுக்கப் போன மனிசன் இறக்காமத்து யானைக்கு விதானையாகி இரிக்கி. அப்ப யானையளுக்கும் ஒரு முறை வெச்சுக் குடுங்களன், எது எந்த வயலுக்கு எத்தனை மணிக்கு வாற எண்டு. அதுகள் உங்கட பேச்சைக் கேக்கும்.

இதைச் சுல்பிகாவுக்குச் சொல்லிச் சிரிச்சன். மறுகா நூஹு வந்தாரு. புடவைக் கடைக்கு வந்த இடத்தில எட்டிப் பாத்தாரு. "மதினி, காக்கா இஞ்ச இருந்ததை விட மோசம். விசிலைக் கையில புடிச்சிக்கிட்டுக் குந்தியிரிக்காரு. சோத்தை வெச்சா நேரத்தைக் கேக்காரு" எண்டு சொன்னாரு. பொறகு சிரிப்பு வரல்ல.

ஏழு குறிப்பையும் ஜவுபருக்குக் குடுக்கல்ல. திறப்பைப் பத்திக் கேட்டன், அதுக்கு நீங்க ஒண்டும் எழுதல்ல. அவர் பூட்டை அறுத்துப் போட்டு வேற பூட்டுப் போட்டுட்டாரு. தண்ணி வழமை போலத்தான் போகுது. சின்னப்போடியார் வந்தாரு, நான் கேக்க முன்னமே சொன்னாரு, தண்ணியில குறையில்ல எண்டு. "விதானையார்ட முகத்தைப் பாக்காமத்தான் ஒரு மாதிரி இரிக்கி" எண்டு சொல்லிட்டுப் போனாரு. குடைக் கதை அவர் சொல்லல்ல. நானும் கேக்கல்ல.

நீங்க போன முதல் கிழமை, ஒரு பாவமான கதை சொல்றன், எனக்கு நல்லாயிருந்திச்சு. கடப்படியில ஆள் கூப்பிடல்ல. விடியச் சாமம் எண்டு தேத்தண்ணி ஊத்தல்ல. நீங்க களைச்சுப் போய் இருந்ததில நானும் களைச்சுத்தான் போயிருந்தன், அது எனக்கே தெரியல்ல. நல்லா நித்திரை கொண்டன். ரெண்டாம் கிழமை வீட்டில ஒரு சத்தமுமில்ல. இப்ப அந்தச் சத்தமில்லாததைக் கேட்டுக்கிட்டு இரிக்கன்.

ஒண்டு கேக்கட்டா? நீங்க யாருக்குப் பயந்து ஓடித் திரியிறீங்க? நான் உங்களை ஒரு நாளும் ஒண்டும் ஆகச் சொல்லிக் கேட்டதில்லையே.

சபியா உம்மா


1981 மே 29, வெள்ளிக்கிழமை
நேரம் பார்க்கவில்லை.

சுல்பிகாவின் உம்மா அறிவது.

இதற்கு இலக்கமிட மறந்துவிட்டேன்.

மே 21 காலையில் எழுந்தபோது, நூஹுவின் வயலில் கால் ஏக்கரை யானை மிதித்துப் போயிருந்தது. அன்றைய காவல் நான் குறித்த காவல். குறித்தவர் மகளுக்குக் காய்ச்சல் என்று வரவில்லை. மாற்றாள் போட நான் மறந்திருந்தேன். எல்லாரும் வந்து பார்த்தார்கள். யாரும் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. நூஹு கொஞ்ச நேரம் வரம்பில் நின்றான். பின்பு, "யானைக்கும் பசிக்கும்தானே" என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போனான். அவர்களால் போக முடிந்தது. என்னால் அந்த வரம்பைவிட்டு எழும்ப முடியவில்லை. கூட்டத்தன்று போலவே உடம்பு முழுவதும் ஈரச் சாக்காகிவிட்டது.

நூஹு திரும்பி வந்து என் கையிலிருந்த விசிலை எடுத்துக்கொண்டான். விரல்களை ஒவ்வொன்றாக விரிக்க வேண்டியிருந்தது. "காக்கா, இஞ்ச ஒங்கள ஒருத்தரும் வேலைக்கு வெக்கல்ல. ஆருக்கு வேலை செய்யிறீங்க?" என்று கேட்டான். நீ கேட்டதும் அதுதான்.

அதற்கு விடையை இப்போது எழுதுகிறேன். இதை நாற்பது ஆண்டாக யாருக்கும் சொல்லவில்லை.

1941 மே 15, வியாழக்கிழமை, ஒரு தகரப் பெட்டியுடன் உன் வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தேன். எனக்கு வயது இருபத்திரண்டு. நம் ஊர் வழக்கப்படி வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை வந்து சேருபவன். நான்காம் நாள் நான் அறைக்குள் இருந்தபோது உன் வாப்பா முகம்மது தம்பி மாமா, வந்தவர்களிடம் கூடத்தில் சொன்னார்: "மாப்பிள்ளை சும்மா இருக்கிற ஆளில்ல. அதனாலதான் வீட்டையும் புள்ளையையும் குடுத்தன்." என்னைப் புகழ்ந்துதான் சொன்னார். எனக்கு அது நிபந்தனையாகக் கேட்டது. எழுந்து, சட்டையைப் போட்டுக்கொண்டு, வேலையே இல்லாத வயலுக்குப் போனேன்.

அன்றிலிருந்து உன் வீட்டில் பகல் நேரத்தில் வெறுங்கையுடன் நான் உட்கார்ந்ததில்லை. யோசித்துப் பார். வட்டவிதானையாக ஊரார் கேட்டபோது நான் மகிழ்ந்தது பதவிக்காக அல்ல. இனி யாரும் என்னைச் சும்மா இருப்பவன் என்று சொல்ல முடியாது என்பதற்காக. சூறாவளி வந்தபோது, அல்லாஹ் மன்னிக்கட்டும், ஊரே அழுதுகொண்டிருக்க, முடியாத வேலை வந்துவிட்டது என்று என்னுள் ஒரு மூலையில் நிம்மதி இருந்தது.

மார்ச் 26 முதல் ஏப்ரல் 5 வரை பதினொரு நாள் உன் வீட்டில் சும்மா கிடந்தேன். பன்னிரண்டாம் நாளும் அங்கே கிடக்க எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. அதனால்தான் வந்தேன். அப்போதிக்கரி சொன்னதற்காக அல்ல.

திறப்பு என்னிடம்தான் இருக்கிறது. இடுப்பு வாரில். பூட்டை மாற்றிவிட்டார்கள் என்று தெரிந்த பிறகும் எடுத்து வைக்க மனம் வரவில்லை.

நீ என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். மூச்சு கேட்டது. திரும்ப முடியவில்லை.

அபூசாலி


(திகதி இடப்படவில்லை. கிடைத்தது 1981 ஜூன் 9, செவ்வாய்க்கிழமை. – மு.அ.)

சுல்பிகாட வாப்பாவுக்கு, சலாம்.

உங்கட கடிதத்தை மூணு தரம் வாசிச்சன். இணைப்பு ஒண்டுமில்லாம நீங்க எழுதின முதல் கடிதம் இதுதான்.

வாப்பா அப்பிடிச் சொன்னது மெய்தான். நான் குசினியில இருந்து கேட்டன். எனக்குப் பெருமையா இருந்திச்சு. அது உங்களுக்குள்ள முள்ளாப் போயிருக்கும் எண்டு எனக்குத் தெரியாது. நாப்பது வருஷம் ஒரு பாயில படுத்தும் தெரியாது.

வாப்பாவைப் பத்திச் சொல்றன். அவரும் என்ட உம்மாட வீட்டுக்கு வந்து சேந்த ஆள்தான். உம்மா அவருக்கெண்டு சாய்ஞ்சு இருக்க ஒரு சாய்மனைக் கதிரை செய்விச்சுக் கூடத்தில போட்டா. அவர் அதில சட்டையைத்தான் போடுவாரு, இருக்க மாட்டாரு. மௌத்தாகின நாளும் வயலில இருந்துதான் தூக்கிட்டு வந்தாங்க. காலில சேறு காயல்ல. கழுவும்போது உம்மா அந்தக் கதிரையைப் பாத்துத்தான் அழுதா. அப்பிடிப்பட்ட மனிசன் சொன்ன சொல்லை நீங்க சட்டமா எடுத்திட்டீங்க.

நல்லாக் கேளுங்க. இந்த வீட்டை வாப்பா என்ட பேருக்கு எழுதித் தந்தாரு. உறுதிப் பத்திரம் அலுமாரியில கிடக்கு. எழுதின நாளோட அவருக்கு இதில கதையில்ல. இது என்ட வீடு. என்ட வீட்டில சும்மா இருக்கிற ஒரு ஆளை வெச்சிரிக்க எனக்கு விருப்பம். அதைக் கேக்க ஊரில ஆரிரிக்கி?

இன்னுமொண்டு. அந்தப் பதினொரு நாளும் எனக்குக் கவலை மட்டும்தான் எண்டு சொன்னாப் பொய். நாப்பது வருஷத்தில பகல் வெளிச்சத்தில நீங்க வீட்டில இருந்தது அப்பதான். வெயில் யன்னலால வந்து உங்கட முதுகில விழுந்து, மறுகா சுவருக்குப் போகும். அதைப் பாத்துக்கிட்டு இருந்தன். நாப்பது வருஷமும் உங்கட பகல் சோத்தை மூடித்தான் வெச்சன். ஆறிப்போய்த்தான் தின்டீங்க. சுடச் சுடத் தின்னிறதை நான் கண்டதில்ல.

இப்ப வரவேணாம். இப்ப வந்தா வெக்கத்துக்கு மம்பெட்டியைத் தூக்குவீங்க. அங்கேயே இருங்க. நூஹுக்குச் சொல்லியிரிக்கன், உங்களுக்கிட்ட ஒரு ஈக்கில் கூடக் குடுக்க வேணாமெண்டு. அட்டவணை இல்லாம வர ஏலுமான நாளைக்கு வாங்க.

பெரும்போகக் கூட்டம் செப்டெம்பரிலயாம். நீங்க திரும்பவும் நிப்பீங்களா எண்டு கேக்காங்க. நான் ஒண்டும் சொல்லல்ல.

சபியா


கடித இல. 4
(மே 29இல் எழுதியதை இல. 3 எனக் கொள்ளவும்.)
1981 ஜூலை 12, ஞாயிற்றுக்கிழமை, நோன்பு ஒன்பது, அஸருக்குப் பின்
இறக்காமம்

சுல்பிகாவின் உம்மாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

பதில் எழுத ஒரு மாதத்துக்கு மேலாயிற்று. எழுத உட்கார்ந்தபோதெல்லாம் அறிக்கையாகவே வந்தது. கிழித்துவிட்டேன்.

நூஹு உன் சொல்லை அப்படியே காப்பாற்றினான். கூசாவைக்கூட அவனே நிரப்புகிறான். அட்டவணையைக் கூரை ஓலையில் சொருகிவிட்டேன். யானைக் காவலைப் பழையபடி தோன்றியவர் தோன்றிய நாளில் இருக்கிறார்கள். யானையும் பழையபடிதான் வருகிறது. அதிகமாகவும் இல்லை, குறைவாகவும் இல்லை. இதை ஏற்றுக்கொள்ள எனக்குச் சில நாள் எடுத்தது.

சும்மா இருப்பது நான் செய்த வேலைகள் எல்லாவற்றிலும் கடினமானது. முதல் ஒன்பது நாள் கைகள் தாமாக எதையோ தேடின. பாயின் கோரையைப் பிய்த்தேன். வெட்கம் வியர்வைபோல் வந்தது. நூஹு நண்பகலில் வந்து பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பான். ஒரு நாள் அவனைக் கேட்டேன், உனக்கு வேலை இல்லையா என்று. "இதுதான் வேலை" என்றான்.

ஜூன் 23, செவ்வாய்க்கிழமை, மதியம் லுஹர் தொழுது படுத்தவன் அஸர் பாங்குக்குத்தான் கண்விழித்தேன். அன்று என்ன கிழமை என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாமலே கொஞ்ச நேரம் கிடந்தேன். பயம் வரவில்லை. பின்பு நூஹுவிடம் கேட்டுத்தான் செவ்வாய் என்று எழுதுகிறேன்.

அதற்குப் பிறகு ஒரு நாள் குளக்கட்டில் ஒரு வைக்கோல் வண்டில் போயிற்று. பின்பலகையில் உரிமையாளர் பெயர் எழுதியிருந்தது: வீரமுனை, சாமித்தம்பி. படித்தவுடன் அவர் முகம் வந்தது. இடது காதில் கடுக்கன், முன்பல் ஒன்று இல்லை. பெயரிலிருந்து ஆள் வந்துவிட்டார். வண்டில் மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றேன். வண்டிலோட்டியவர் என்னைப் பைத்தியம் என்று எண்ணியிருக்கக்கூடும்.

மாறிவிட்டேன் என்று எழுதினால் அது பொய். நோன்பு மூன்றாம் நாள் காலையில் அந்த ஈரச் சாக்கு மறுபடி வந்து கிடந்தது. ஆனால் முன்பு அது வந்தால் எழுந்து ஓடுவேன். இம்முறை கிடந்தேன். ஐந்தாம் நாள் போயிற்று. இனியும் வரும் என்று நினைக்கிறேன்.

பெரும்போகத்துக்கு வட்டவிதானையாக நிற்கமாட்டேன். இதை ஊருக்குச் சொல்லிவிடு. ஒருமுறை எழுதி வெட்டிவிட்டு, மறுபடி எழுதியிருக்கிறேன்.

ஒரு விண்ணப்பம். வீட்டுக்கு வர விரும்புகிறேன். இங்கே குளத்தில் நீர்க்காகம் மூழ்கி எழும்புவதைப் பார்த்தால், இதைச் சபியாவுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது. நாற்பது ஆண்டில் வேலையைப் பற்றியன்றி வேறெதையும் உனக்குச் சொல்ல எனக்குத் தோன்றியதில்லை. பெருநாளைக்கு வரட்டுமா? வந்தால், பகலில் எங்கே உட்காருவது? இதை நான் வேடிக்கையாகக் கேட்கவில்லை. அந்த வீட்டில் பாய் விரிக்கும் இடம் தெரியும், தொழும் இடம் தெரியும், செருப்பு கழற்றும் இடம் தெரியும். பகலில் உட்காரும் இடம் தெரியாது.

வஸ்ஸலாம்.
அபூசாலி

இணைப்பு:
1. நீர்க்காகத்தின் இறகு, ஒன்று.


1981 ஓகஸ்ட் 10, திங்கட்கிழமை, பி.ப. 1.05 (பாத்தீங்களா, திகதி போட்டிரிக்கன்)

சுல்பிகாட வாப்பாவுக்கு, சலாம்.

பெருநாளைக்கு வாங்க எண்டு நூஹுக்கிட்டச் சொல்லி அனுப்பினன். வரல்ல. நான் இறைச்சியை மூடி வெச்சன், சூடாக்கினன், மறுகா மூடினன். அசருக்குப் பொறகு சுல்பிகா வந்து என்ட கையில இருந்த சட்டியை வாங்கி வெச்சிட்டு எனக்குப் பக்கத்தில குந்தினா.

இப்ப நூஹு சொல்றாரு, சம்மாந்துறை மட்டும் வந்து கிறுகித் திரும்பிப் போனீங்களாம். புதுச் சாரனும் கட்டியிருந்தீங்களாம்.

நான் கோபிக்கல்ல. சம்மாந்துறை அரைவாசிக்கு மேல.

நீங்க கேட்டதுக்கு விடை. அறையில கிடந்த வாப்பாட சாய்மனைக் கதிரையை எடுத்துப் பிரம்பு பின்னக் குடுத்தன். மூணு நாளில பின்னித் தந்தாங்க. கூடத்தில, கடப்பால வாறவனெல்லாம் காணிற இடத்தில போட்டிரிக்கன். மறைச்சு வெக்கல்ல. நேத்துச் சின்னப்போடியார் வந்து அதில குந்தப் போனாரு. "போடியார், அதில ஆளிரிக்கி" எண்டன். அவர் கதிரையைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு, "ஓம் ஓம், மன்னிச்சுக்கங்க" எண்டு சொல்லிட்டு பக்கத்து மர வாங்கில போய் இருந்தாரு.

வெயில் பத்து மணிக்கு அந்தக் கதிரைக்கு வருது. பன்ரண்டுக்குப் போயிரும்.

இறகைக் குர்ஆனுக்குள்ள வெச்சிரிக்கன். நீர்க்காகம் மூழ்கிறதை வந்து சொல்லுங்க. எழுத வேணாம்.

சபியா


கடித இல. 5
1981 செப்டெம்பர் 17, வியாழக்கிழமை, பி.ப. 12.10
நற்பிட்டிமுனைச் சந்தித் தேநீர்க் கடை

சபியா,

எழுத வேண்டாம் என்றாய். ஆயினும் எழுதாமல் எழுந்து வர இயலவில்லை. கடைக்காரர் ஒரு தாள் தந்தார். ஓரத்தில் எண்ணெய் பட்டிருக்கிறது, மன்னிக்கவும்.

பெருநாளன்று சம்மாந்துறையில் பஸ் வழக்கம்போல நின்றது. நின்ற நேரத்தில் தைரியம் இறங்கிப் போயிற்று. இன்று பஸ் அங்கே நிற்கவேயில்லை. அதற்கும் சாரதி காரணம் சொல்லவில்லை.

கல்முனையில் இறங்கி நடந்து வந்தேன். பள்ளிக்கூட மண்டபத்தைக் கடக்காமல் வர வழியில்லை. உள்ளே பெரும்போகக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. மதில் ஓரம் நின்றேன். ஜவுபர் பட்டியல் வாசித்தார். ஆறாவது பெயரில் என் மூச்சு நின்றது. அவர் நிற்கவில்லை, வாசித்துக்கொண்டு போனார். ஓரிடத்தில் மேற்கு வாய்க்காலை முதலில் சொன்னார். அது பிழை. உள்ளே போய்ச் சொல்ல ஓர் அடி வைத்தேன். அதற்குள் சின்னப்போடியார் எழுந்து, "தம்பி, கடைமடைக்கு முதல்" என்றார். ஜவுபர் திருத்திக்கொண்டார். நான் வைத்த அடியை எடுத்துத் திரும்ப வைத்தேன். அது ஓரடிதான். எனக்கு அது இறக்காமத்திலிருந்து வந்த தூரத்தைவிடப் பெரிதாக இருந்தது.

முழுச் சுகம் என்று எழுதமாட்டேன். வந்த பிறகும் சில நாள் நான் சுவர்ப்பக்கம் திரும்பிக் கிடக்கக்கூடும். அப்போது நீ ஒன்றும் செய்ய வேண்டாம். சும்மா பக்கத்தில் இரு.

இந்தக் கடையிலிருந்து நம் கடப்பு தெரிகிறது. நம் கடப்பு என்று எழுதிவிட்டேன், இருக்கட்டும். வெயில் கதிரையைவிட்டுப் போயிருக்கும். இன்று பிந்திவிட்டேன், நாளை பத்து மணிக்கு உட்காருகிறேன்.

வஸ்ஸலாம்.
அபூசாலி

இணைப்பு:
1. மதகுத் திறப்பு, ஒன்று. பூட்டு மாற்றப்பட்டதால் இது எதையும் திறக்காது. ஆயினும் இனி என்னிடம் இருக்கக்கூடாது.
2. ஓய்வு நேர அட்டவணையின் மூலப் பிரதி. அடுப்புக்கு.
3. எருமைத் தயிர், ஒரு முட்டி. நூஹு தந்தது. இன்றே உண்ண வேண்டும்.
4. இக்கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கடப்படியில் நிற்கும் ஆள், ஒருவர். இன்னும் பகல் சோறு தின்னவில்லை.